தாபத நிலையும் அல்லியரிசியும்

புறநானூற்றில் கணவனை இழந்த மகளிர் நிலையைப் பாடும் பாட்டுக்கள் சில உள. அவற்றுள் 248, 249, 250 ஆகிய மூன்றும் தாபத நிலை என்னும் துறையின்கண் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. 246-ஆம் பாட்டும் 280-ஆம் பாட்டும் வேறு துறையின ஆயினும் இவற்றொடு சேர்த்து எண்ணத்தக்கன. இவ்வைந்தும் கற்பின் மாண்பைக் காட்டுவன என்பதே நம் வகுப்புக்களிலும் தேர்வு விடைகளிலும் வழிவழியாக வரும் கருத்து. கணவன் இறந்தபின் நல்லுணவை வெறுத்து, அணி களைந்து, பாயின்றிக் கிடந்து நோற்ற மகளிரின் உள்ளத் திண்மையைப் புலவர் போற்றினர் என்று மாணவர் எழுதுவர். நாமும் மதிப்பெண் இடுவோம். பாட்டுக்களின் சொற்களை நிறுத்திப் பார்க்குங்கால் அக்கருத்து முற்றும் பொருந்துவதாக இல்லை. நோன்பு என நாம் கொண்டதன் பெரும்பகுதி இல்லாமையே என்பது யான் ஈண்டு நிறுவ விரும்பும் கருத்தாகும்.

முதற்கண் துறையின் பெயரைக் காண்போம். தொல்காப்பியர் காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்து மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் தாபத நிலை என்றும் இரண்டாகப் பகுத்தார். இவ்விரு பெயர்களும் ஒரு நிகரான நிலைகளுக்கு இடப்பட்டவை போலத் தோன்றும். ஆயின் முன்னது நேர்ந்த இழப்பை மட்டுமே சுட்டுகின்றது. பின்னதோ இழப்பிற்குப்பின் அவள் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கத்தைச் சுட்டுகின்றது. தாரம் இழந்தவன் என்ன உண்டான், எங்கே கிடந்தான் என்பது இலக்கணத்திற்கு வேண்டாத செய்தி. கணவனை இழந்தவளுக்கோ தவம் என்னும் பெயரிலேயே உணவும் கிடக்கையும் வரையறுக்கப்பட்டுவிட்டன. புறநானூற்றுப் பாட்டுக்களுக்குத் திணை துறை வகுத்தவர் பாடிய புலவர் அல்லர் என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. ஆகவே, தாபதம் என்னும் சொல் இம்மூன்று பாட்டுக்களையும் நாம் படிக்கத் தொடங்குமுன்னரே நம் கண்ணில் இடப்பட்ட மை போன்றது. அதனைத் துடைத்துவிட்டுப் படித்தல் வேண்டும்.

248-ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனார் பாடியது, மிகச் சிறியது. பேசுபவள் கணவனை இழந்தவளே. அவள் தன்னைக் குறித்து இரங்கவில்லை. வெள்ளாம்பலைக் குறித்து இரங்குகின்றாள். இளமையில் அந்த ஆம்பல் அவளுக்குத் தழையுடை ஆயிற்று. செல்வமிக்க கணவன் மாய்ந்தபின், உண்ணும் பொழுது தப்பி, அதே ஆம்பலின் அரிசி அவளுக்கு உணவாயிற்று. பாட்டின் செய்தி இவ்வளவே. நோன்பு என்னும் சொல்லோ, அப்பொருள் தரும் பிறிதொரு சொல்லோ இதில் இல்லை. கணவனுக்கு அடையாக வந்துள்ளது அவனுடைய அன்போ வீரமோ அன்று, வளமே. வளமுடையான் இறந்தான், அவள் அல்லியரிசிக்கு வந்தாள் என்னும் இரு செய்திகளையும் புலவர் அருகருகே நிறுத்துகின்றார். பொழுது தப்பி உண்ணுதலை விரதத்தின் பாற்படுத்துவர் உரைகாரர். அடுப்பில் ஏற்றுவதற்கு ஒன்று கிடைக்கும் பொழுதே உண்ணும் பொழுது என்னும் நிலையையும் அத்தொடர் தாங்கும்.

அல்லியரிசி எத்தகைய உணவு என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அது குளத்தில் தானே விளைவது. உழவும் விதையும் எருதும் அதற்கு வேண்டா. உடையான் என ஒருவன் இன்மையின் கேட்டுப் பெற வேண்டுவதும் இல்லை. நிலமும் காளையும் ஆளும் இல்லாத ஒருத்திக்கு ஊரில் எட்டக்கூடிய தானியம் இதுவே. நெல்லரிசியைத் தவத்தின் பொருட்டு விலக்கியவள் தினையையோ வரகையோ உண்ணலாமே. குளத்து நீரில் இறங்கி அல்லிக் காய் பறித்து, உலர்த்தி, அதன் நுண்ணிய விதையைப் புடைத்தெடுக்க வேண்டுவது ஏன்? இவ்வினாவை உரைகள் எழுப்பவில்லை. உணவின் பெயரைக் கூறிப் பொருள் எழுதிவிட்டால் உரை முடிந்தது என்று நாம் அமைந்துவிடுகின்றோம்.

249-ஆம் பாட்டில் கற்பு என்னும் சொல் வெளிப்படையாகவே வருகின்றது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் அப்பாட்டின் கட்டமைப்பு எதன்மேல் நிற்கின்றது என்று காண்க. பாட்டின் முற்பகுதி முழுதும் இறந்தவனது நாட்டின் மீன்வளம். சேற்றில் ஒளியும் ஆரலும், நீர்மேல் பிறழும் வாளையும், யாமையும், சினை முதிர்ந்த வராலும், ஒளியுடைய கயலும் வலைஞர் கையில் வந்து குவிகின்றன. அத்தகைய அகன்ற நாட்டையுடையவனுக்கு நேற்றுவரை உணவு பலரொடும் கூடி உண்பதாக இருந்தது. இன்று அவன் மனைவி அவனுக்குப் பலியிடுவதற்காகச் சுளகளவான சிறிய இடத்தைத் துப்புரவு செய்து, தன் கண்ணீராலேயே சாணமிட்டு மெழுகுகின்றாள். அகன்ற நாடு ஒருபுறம். சுளகளவு இடம் மறுபுறம். நேற்று, இன்று என்னும் காலச் சொற்கள் இவ்விரண்டையும் நிறுத்துக் காட்டும் துலாக்கோலாகின்றன. அவளுடைய கற்புக்குப் புலவர் கொடுத்தது ஓர் அடைமொழி. நாடு சுளகாகச் சுருங்கியதற்குக் கொடுத்தது பாட்டு முழுவதும். அந்த நாட்டின் மீன்கள் மறுநாளும் வலைஞர் கையில் வந்து குவிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அவை எவர் இல்லத்திற்குச் சென்றன?

தாயங்கண்ணியாரின் 250-ஆம் பாட்டை மாணவர்க்கு விளக்குங்கால் பலரும் விளியைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். அப்பாட்டுப் பெண்ணை நோக்கிப் பாடியதன்று; வீட்டை நோக்கிப் பாடியது. தாளிப்பின் ஒலியும் துவையலும் மிக்க உணவால் இரவலரை வேறிடம் செல்லவொட்டாது தடுத்த வாயிலும், வந்தோர் கண்ணீரை மாற்றிய பந்தலும் உடைய வீடே! நீ பொலிவிழந்தாய் என்று புலவர் கூறுகின்றார். கூந்தல் கொய்து தொடி நீக்கி அல்லியுணவு உண்ணும் மனைவி அவ்வீட்டின் வறுமைக்குரிய அடையாளங்களுள் ஒன்றாக நிற்கின்றாள். அவளுக்கு அடுத்துச் சொல்லப்படுவோர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு இனிய பால் கேட்கும் குடுமிப் புதல்வர். தாய் நோன்பிருக்கலாம், பிள்ளைகள் நோன்பிருப்பரோ? பாலின்றிச் சோறுண்ணும் பிள்ளைகளைத் தாபத நிலையில் எவ்வாறு அடக்குவது? பாட்டைத் தொகுத்துத் துறை இட்டவர்க்கு இவ்விடர்ப்பாடு தோன்றவில்லை. ஆக்கியோர் பிள்ளைகளை வைத்தார்; வகுத்தோர் அவர்களைக் கண்டிலர்.

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246-ஆம் பாட்டு இவ்வரிசையில் மிகப் பெயர் பெற்றது. தீப்பாய்தலைப் போற்றுவோரும் பழிப்போரும் ஒருங்கே எடுத்தாளும் பாட்டு அது. இரு சாராரும் பாட்டின் இறுதியில் வரும் ஈமத்தையும் தாமரைப் பொய்கையையுமே பேசுவர். யான் சுட்ட விரும்புவது நடுப்பகுதி. போகாதே என்று தடுக்கும் சான்றோரை நோக்கி அவள் கூறும் விடையில் பெரும்பகுதி உணவுப் பட்டியலே. நெய் தீண்டாத நீர்ச்சோற்றுப் பிண்டம், எள்ளுத் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, பருக்கைக் கற்களின்மேல் பாயின்றிப் படுக்கை என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணுகின்றாள். இவற்றை உண்டு இவ்வாறு கிடக்கும் பெண்டிருள் ஒருத்தியாக யான் ஆகேன் என்பது அவள் மறுப்பு. கணவன்மேற் கொண்ட அன்பு பாட்டின் இறுதியில் இடம்பெறுகின்றது, ஐயமில்லை. ஆயின் சான்றோர்க்கு எதிராக அவள் முன்வைக்கும் வழக்கு உணவும் கிடக்கையும் பற்றியது. அவர்கள் சூழ்ச்சியைப் பொல்லாதது என்று அவள் இகழ்தற்குக் காரணமும் இதுவே போலும். ‘இரு’ என்றவர்கள் எதனை உண்டு இருப்பது என்பதற்கு விடை வைத்திருந்ததாகப் பாட்டில் குறிப்பில்லை. தொகுத்தவர், அறிந்தோ அறியாமலோ, இதற்கு முன் 245-ஆம் பாட்டாகச் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் பாட்டை வைத்துள்ளார். மனைவியைத் தீயிலிட்டபின்னும் யான் உயிரோடு இருக்கின்றேனே என்று அம்மன்னன் நோகின்றான். அந்நோவு மெய்யானதே. ஆனால் அவன் நாளை உண்ணப்போவது என்ன என்ற கவலை அப்பாட்டில் இல்லை, இருக்கவும் வேண்டா.

இதுவரை கூறியவற்றிற்கெல்லாம் திறவுகோலாக அமைவது மாறோக்கத்து நப்பசலையாரின் 280-ஆம் பாட்டு. துறை வேறாகிவிட்டமையின் தாபத நிலைப் பாட்டுக்களோடு இதனைச் சேர்த்துக் கற்பிக்கும் வழக்கம் அருகிவிட்டது. புண்பட்டுக் கிடக்கும் கணவன் பிழையான் என்பதை அவன் மனைவி தீய நிமித்தங்களால் உணர்கின்றாள். உடனே அவள் நினைவு செல்வது எவர்பால்? துடியனே, பாணனே, விறலியே, நீவிர் என்ன ஆவீரோ என்று வினவுகின்றாள். இனி இவ்விடத்து வாழ்தல் நுமக்கு அரிது என்று இரங்கியபின்னரே தன் நிலைக்கு வருகின்றாள். மழித்த தலையோடு ஆம்பலின் அல்லியை உண்டிருக்கும் கழிகல மகளிரைப் போல யான் இருத்தல் அதனினும் அரிது என்கின்றாள். ‘அதனினும்’ என்னும் ஒப்பீட்டைக் காண்க. துடியனும் பாணனும் விறலியும் தலைவனை அண்டி வாழ்ந்தோர். அவன் இறந்தால் அவர்கட்குச் சோறு இல்லை. அவர்களோடு ஒரே வரிசையில் வைத்துத் தன்னை எண்ணுகின்றாள் மனைவி. அவர்களுக்காவது யாழும் துடியும் உண்டு. வேறொரு புரவலன் வாயிலை நாடிச் செல்லலாம். அவளுக்குச் செல்ல வாயில் இல்லை. ஆதலின் அவள் நிலை அவர்கள் நிலையினும் அரிது. கைம்மையை வாழ்க்கைப் பொருள் இழந்தோர் பட்டியலில் வைத்து எண்ணியவர் இக்காலத்து ஆய்வாளர் அல்லர். சங்ககாலத்துப் பெண்பாற் புலவர் ஒருவரே. 248-இல் ஆம்பலுக்கும் 280-இல் பாணர் முதலியோர்க்கும் ஒரே இரக்கச் சொல் ஆளப்பட்டிருத்தலும் நோக்கத்தக்கது.

இக்காலத்துப் பொருளியல் நோக்கைச் சங்கப் பாட்டின்மேல் ஏற்றுகின்றீர் என்று ஒரு தடை எழுதல் கூடும். மணிமேகலையில் மாதவி, கணவரை இழந்த பத்தினிப் பெண்டிர் கொள்ளும் வழிகளாக உடன் உயிர் துறத்தலையும், தீப்புகுதலையும், நோற்று உடம்பு வருத்துதலையும் முறைப்படுத்திக் கூறுவது அத்தடைக்குத் துணையாகும். மறுக்கவில்லை. நோன்பு என்னும் கொள்கை பண்டே இருந்தது. அதனை மனமுவந்து ஏற்றவரும் இருந்திருப்பர். ஆனால் ஒரு கொள்கை இருந்தது என்பதனால் அதன் பெயரில் நடந்ததெல்லாம் கொள்கையின் பயன் ஆகிவிடாது. பொருள் கையில் இருந்த இடத்தில் கைம்மை எவ்வாறு இருந்தது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று நம்பால் உண்டு. கண்டராதித்த சோழர் இறந்தபின் செம்பியன் மாதேவியார் பல பத்தாண்டு வாழ்ந்தார். செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தார். திருநல்லத்துக் கற்றளியைக் கணவர் பெயரால் அமைத்தார். நிலமும் பொன்னும் கலமும் கொடுத்தார். அவரை எவரும் அல்லியரிசியொடு சேர்த்து நினைப்பதில்லை. கணவனை இழத்தல் என்னும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து இருவேறு வாழ்க்கை பிறந்தமைக்கு உள்ளத் திண்மையின் ஏற்றத்தாழ்வைக் காரணமாகக் கூறல் இயலுமோ?

இடைக்கால இலக்கியத்தைக் கடந்து இக்காலத்திற்கு வருவோம். சீர்திருத்த இலக்கியம் கைம்பெண்ணை மீண்டும் நடுவில் நிறுத்தியது. அ. மாதவையாவின் முத்துமீனாட்சி 1903-இல் நூலாயிற்று. இளங்கைம்பெண் ஒருத்தியே தன் வரலாற்றைத் தன் வாயாற் கூறுவதாக அமைந்தமை அதன் சிறப்பு. அந்நூலும் அதன் வழிவந்தவையும் இருபெரும் சிக்கல்களைக் கையாண்டன: தலைமழித்தலும் மறுமணமும். சோறு அவற்றில் பின்தங்கிவிட்டது. காரணம் தெளிவு. அக்கதைகள் பெரும்பாலும் அந்தணர் இல்லங்களில் நிகழ்வன. அங்கே அவள் இழிவுற்றாலும் அடுக்களை இருந்தது. அறுத்துக்கட்டும் வழக்குடைய உழைக்கும் குடிகளில் மறுமணம் ஒரு புரட்சியன்று, கூலியே சிக்கல். அக்குடிப் பெண்ணின் கைம்மை நம் புதினங்களில் நெடுங்காலம் இடம் பெறவில்லை.

ஆயினும் சீர்திருத்தத்தின் சட்டப் பக்கத்தை எண்ணும்போது சோறும் உள்ளே நுழைந்துவிடுகின்றது. 1856-ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்தவள் முதற்கணவன் சொத்திலிருந்த உரிமையை, அவள் அன்றே இறந்துவிட்டாற்போல, இழப்பாள் என்றது. பெருங்கோப்பெண்டின் முன்னிருந்த இரண்டு வழிகளை இது நினைவூட்டுகின்றது. இருந்தால் ஓரளவு உணவு. புறப்பட்டால் சட்டத்தின் கண்ணில் சாவு. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் சொத்தில் பங்கு தந்ததெனினும் வாழ்நாள் நுகர்ச்சிக்கு மட்டுமே தந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே முழுவுரிமை ஆக்கிற்று. ஆயினும் சொத்தே இல்லாத கணவனின் மனைவிக்கு எந்தச் சட்டமும் பங்கு தரவியலாது.

பாரதியார் முடிக்காது விட்ட சந்திரிகையின் கதையில் விசாலாட்சி என்னும் இளங்கைம்பெண் வருகின்றாள். அக்கதையில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் மெய்ப்பெயரோடு பாத்திரங்களாக வருதல் பலரும் அறிந்ததே. தன் கைம்மையுற்ற மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தவர் முன்னவர். 1881-இல் இராசமுந்திரியில் முதற் கைம்பெண் மணத்தை நடத்தியவர் பின்னவர். ஆகவே விசாலாட்சி சென்று நிற்கும் வாயில்கள் கற்பனை வாயில்கள் அல்ல. 280-ஆம் பாட்டின் தலைவிக்கு இல்லாதிருந்தது அத்தகைய வாயிலே. 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தாமே இளமையில் கணவனை இழந்தவர், 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கிச் சென்னையில் இளங்கைம்பெண்களுக்கு விடுதியும் கல்வியும் அமைத்தார். அவர்களை ஆசிரியைகளாக்குதலே அவர் கண்ட வழி. தொடக்கத்தில் அவ்விடுதி ஒரு வகுப்பினர்க்கே உரியதாக இருந்தமை அதன் குறை. இந்த வழியின் விளைச்சலை இலக்கியத்தில் காண வேண்டின் செயகாந்தனின் யுகசந்தியைக் காண்க. 1960-களில் வெளிவந்த அச்சிறுகதையில் பேத்தி கீதா நெய்வேலியில் ஆசிரியை. மறுமணம் செய்துகொள்ளத் துணிகின்றாள். பாட்டி கௌரி, தானும் கைம்பெண், மகன் வீட்டை விட்டுப் பேத்தியிடம் செல்கின்றாள். இக்கதையை மனமாற்றத்தின் கதை என்பர் திறனாய்வாளர். பேத்திக்குச் சம்பளம் இல்லாதிருந்தால் அம்மனமாற்றம் எந்த வீட்டில் தங்கியிருக்கும் என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

அரசின் உதவி இவ்வரலாற்றில் மிகப் பிந்தியது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவையர்க்கான ஓய்வூதியம் 1975-இல் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நடுவணரசு 2009-இல் தொடங்கிய திட்டம் வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள கைம்பெண்கட்கு முதலில் 200 ரூபாயும், 2012 முதல் 300 ரூபாயும் தந்தது; அதனைப் பெற 40 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும். பாலுக்கு அழும் பிள்ளைகளையுடைய 250-ஆம் பாட்டின் தாய் நாற்பதைக் கடந்தவளாக இருந்திருப்பாளோ? நம் மாநில அரசுப்பணித் தேர்வுகளில் மகளிர்க்குரிய 30 விழுக்காட்டில் பத்திலொரு பங்கு ஆதரவற்ற விதவையர்க்கு ஒதுக்கப்படுதல் பாராட்டிற்குரியது. அதற்குரிய வரையறையோ இலக்கண நூலின் துறை வகுப்பை ஒத்துள்ளது. மாத வருவாய் 4000 ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது தேர்வு அறிவிக்கைகளில் நெடுநாள் வந்த விதி. மறுமணம் செய்தவள் அப்பெயருக்குரியவள் அல்லள். மறுமணத்திற்கென டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் ஒரு திட்டமே நடத்தும் அரசு, மறுமணம் செய்தவளை இவ்வொதுக்கீட்டினின்று நீக்குதல் 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவினை ஓரளவு நினைவூட்டுகின்றது. இரண்டாம் கணவனும் வறியனாயின் அவள் நிலை என்ன என்பதற்கு வரையறையில் இடமில்லை.

பெயர் பற்றியும் ஒன்று கூற வேண்டும். விதவை என்னும் சொல்லிற் புள்ளி இல்லை, கைம்பெண் என்பதில் இரண்டு புள்ளிகள் உள என்று மேடைகளில் நயம்படக் கூறுவர், கைதட்டலும் எழும். கைக்கிளை என்பதிற்போலக் கைம்மை என்பதிலும் கை சிறுமைப் பொருளது எனக் கொள்வாருண்டு. அப்பொருள் கொள்ளின் நாம் மாற்றியது சொல்லை மட்டுமே. சிறுமை அப்படியே நிற்கின்றது. ‘ஆதரவற்ற’ என்னும் அடையே உண்மையில் ஆராய்தற்குரியது. ஆதரவின்மை அவளுடைய இயல்பு போல அச்சொல் ஒலிக்கின்றது. 249-ஆம் பாட்டின் புலவர் அவ்வாறு கூறவில்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை என்றே கூறினார். இல்லாமை அங்கே ஒரு நிகழ்ச்சி. நம் சான்றிதழில் அது ஒரு குணம்.

முதுகலை வகுப்பில் தாபத நிலையைப் பயிற்றுவிப்போர் 248 முதல் 250 வரையுள்ள மூன்றனோடு 280-ஐயும் ஒருசேர வைத்துப் பயிற்றுவித்தல் நலம். துறைக்குறிப்பைப் பாட்டின் தலையில் எழுதாது, பாட்டைப் படித்து முடித்தபின் எழுதிக் காட்டலாம். அல்லி, வேளை, எள், நெய் என வரும் உணவுப் பெயர்களை மாணவரே அகராதியிற் பார்த்துப் பட்டியலிட்டு, எது விலைக்கு வாங்குவது, எது விளைவித்துப் பெறுவது, எது ஊர்க்குளத்தில் இறங்கிப் பறித்துக்கொள்வது என்று பகுக்கச் சொல்லலாம். அப்பகுப்பு முடிந்தபின் கற்பு என்னும் சொல் 249-இல் எவ்விடத்து நிற்கின்றது என்பதை மீண்டும் பார்க்கட்டும்.